ஆனந்தபைரவியை நான் துடைத்த கதை

எனக்கு நல்ல காது என்று ஒரு காலத்தில் எனக்குப் பெரிய கர்வம் இருந்தது. கர்வம் என்பது மரியாதையான சொல். என் மனைவி அதைத் திமிர் என்றுதான் சொல்வாள். பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். வாரத்தில் ஆறு நாள் மருந்து கலக்குவேன், ஏழாவது நாள் இசைத்தட்டு கேட்பேன். அந்த ஏழாவது நாள் காலையில் சர்ச்சில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, பாதிரியார் பிரசங்கத்தை எந்தச் சுருதியில் எடுத்தார், எங்கே இறங்கினார் என்றுதான் என் புத்தி போகும். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்திருந்த சமயம். இசைத்தட்டுப் பைத்தியங்கள் நாங்கள் மூன்று பேர். நான் ஒருவன். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் என் நண்பர் இரண்டாவது. அவரிடம் இருந்ததெல்லாம் நாதசுரம். தறியில் உட்கார்ந்து கால் மிதியை மிதிக்கும்போது தவில் கணக்குச் சொல்லிக்கொண்டே மிதிப்பார் என்று அவர் வீட்டம்மா குறைப்பட்டுக்கொள்வார். மூன்றாவது, பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித்தந்த டீச்சரம்மா. அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். கணவர் காலமாகிப் பல வருஷம். பாட்டுத் தட்டு மட்டும்தான் சேர்த்தார், அதிலும் பெண்கள் பாடியதாகப் பார்த்து.

ஞாயிறு பதினோரு மணிக்கு நெசவாளர் வீட்டில் கூடுவோம். தறி இருக்கும் அறையிலேயே பாயை விரித்து, நடுவில் கிராமபோனை வைப்போம். முந்தின வாரமே ஒரு ராகம் முடிவாகியிருக்கும். ஆளுக்கு ஒரு தட்டு அந்த ராகத்தில் கொண்டுவர வேண்டும். நெசவாளர் ஒரு சட்டம் போட்டிருந்தார். தட்டின் நடுவில் இருக்கும் லேபிளைக் காகித வட்டத்தால் மறைத்துவிட வேண்டும். பாடியது யார் என்று எல்லோரும் தீர்ப்பு சொன்ன பிறகுதான் காகிதத்தை எடுக்கலாம்.

"பேரைப் பாத்துட்டா காது பொய் சொல்லும்பா" என்பார். அது என்னைக் குத்தத்தான். பெரிய வித்துவான் பெயரைப் பார்த்ததும் தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுகிறவன் நான்.

தட்டை இரவல் வாங்குவதற்கும் ஒரு முறை உண்டு. யாரிடம் வாங்குகிறோமோ அவரிடம் நம்முடைய தட்டு ஒன்றை, அதே அளவு அருமையானதாக, பணயமாக விட்டுவிட்டு வரவேண்டும். பணயம் வைத்த தட்டைப் பிரிந்து வாரம் முழுக்க இருக்க எங்களில் யாராலும் முடியாது. அதனால் இரவல் சீக்கிரம் திரும்பிவிடும். டீச்சரம்மா மட்டும் யாருக்கும் இரவல் தந்ததே இல்லை. "இங்கேயே கேளுங்க சார், எத்தனை தரம் வேணும்னாலும் போடுறேன்" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார்.

ஆனந்தபைரவி முறை வந்த ஞாயிறு. நெசவாளர் போட்டது வழக்கம்போல் நாதசுரம். நான் போட்டது வயலின். டீச்சரம்மா பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து, காகிதம் விலகாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே வைத்தார். ஒரு சின்னப் பெண் பாடினாள். அம்பாளை வா வா என்று அழைக்கிற ஒரு தமிழ்க் கீர்த்தனை. மூன்று நிமிஷம். ஊசிச் சத்தம் கொஞ்சம் அதிகம்.

முடிந்ததும் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "புதுப் பொண்ணு. மைக்கைப் பார்த்துப் பயந்திருக்கா. பாதிப் பாட்டு வரைக்கும் அந்த பயம் போகல. ஆனா ராகத்தை இவ தேடிப் போகல, அதுவா வந்து இவ பக்கத்துல உக்காந்துக்குது" என்றேன்.

நெசவாளர் கண்ணைத் திறக்காமல், "எங்க நாதசுரமே இதுக்கு முன்னால கொஞ்சம் வாயை மூடிக்கினு இருக்கணும்பா" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

"அப்போ, தேறுவாளா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"தேறியிருக்கணுமே! ஏன் அப்புறம் இவளை எங்கேயும் கேட்கவே இல்லை?" என்றேன்.

"தெரியலையே சார்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து உறையில் போட்டார். காகிதத்தை எடுக்கவே இல்லை. சட்டப்படி எடுத்தாக வேண்டும் என்று நெசவாளர் வாதாடிப் பார்த்தார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. தட்டில் தூசி அடைந்திருக்கிறது, அதனால்தான் இத்தனை இரைச்சல், என்னிடம் கொடுத்தால் சுத்தம் செய்து தருகிறேன், குரல் கண்ணாடி மாதிரித் தெரியும் என்று அடித்துச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில், "நெஜமாவே தெளிவா கேக்குமா?" என்றார். என் வயலின் தட்டை அவரிடம் பணயமாகக் கொடுத்துவிட்டு, அவருடையதைத் துண்டில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்தேன்.

அப்போது நான் புதிதாக எல்.பி. ரெக்கார்டு போடுகிற பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். நாற்பது நிமிஷம் பாடுகிற பெரிய தட்டுகள். அவற்றைப் பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். கம்பவுண்டர் புத்தி. ஊசி போடும் இடமானாலும் மேஜையானாலும், ஸ்பிரிட் பட்டால்தான் எனக்குச் சுத்தம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீச்சரம்மாவின் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஞ்சை நனைத்து ஒரு சுற்றுத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. முப்பது வருஷத்து அழுக்கு என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு பஞ்சு. அதுவும் கறுப்பு. அழுத்தித் துடைத்தேன். இரண்டு பக்கமும் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. இப்படி ஒரு அழுக்கை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டிருக்கிறாரே என்று டீச்சரம்மா மேல் எரிச்சல்கூட வந்தது.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஸ்பிரிட் வாசனை வருதே, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"தட்டு துடைக்கிறேன்."

"பழைய தட்டா? அது அரக்காச்சே!" குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். அவள் அப்பா தச்சர். "அரக்கை ஸ்பிரிட்டுல ஊறப்போட்டுக் கரைச்சுத்தானே எங்கப்பா கதவுக்குப் பாலிஷ் அடிப்பாரு! இது தெரியாதா உங்களுக்கு?"

தெரியும். அரக்கும் தெரியும், ஸ்பிரிட்டும் தெரியும், பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை என்றும் தெரியும். மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. பஞ்சில் வந்தது அழுக்கு இல்லை. தட்டேதான் கரைந்து வந்திருக்கிறது. என் பழைய கிராமபோனில் வைத்து ஊசியை இறக்கினேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின்னால் எங்கேயோ ஒரு குரல் இருப்பதுபோல் இருந்தது. அதுவும் பாதியில் நின்றது. முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஞாயிறு, "இன்னும் வேலை முடியல டீச்சர்" என்றேன். அடுத்த ஞாயிறு, உடம்பு சரியில்லை என்று போகவே இல்லை. மூன்றாவது ஞாயிறு காலையில் மனைவி தட்டைத் துண்டில் சுற்றி என் கையில் திணித்து, "உண்மையைச் சொல்லிட்டு வாங்க, இல்லேன்னா நானே போய்ச் சொல்லுவேன்" என்றாள்.

தறி அறையில் நெசவாளர் முன்னிலையில் சொன்னேன். டீச்சரம்மா தட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. காகித வட்டத்தை அவரே மெதுவாகப் பிரித்தார். லேபிளில் இருந்த பெயரை இரண்டு முறை படித்தேன்.

"நான்தான் சார்" என்றார். "பதினாலு வயசுல பாடினேன். அந்த ஒரு தட்டுதான். அந்த வருஷமே கல்யாணம் ஆயிடுச்சு. அவங்க வீட்டுல பொம்பளைங்க பாடறது வழக்கமில்லை. கம்பெனிக்காரங்க ரெண்டு தட்டு அனுப்பினாங்க. ஒண்ணு வீடு மாத்தும்போது உடைஞ்சுபோச்சு. கடையில யாரும் வாங்கினதா நான் கேள்விப்படவே இல்லை. நான் பாடினேன்னு எனக்கே சாட்சி இது ஒண்ணுதான் இருந்துச்சு."

அழவில்லை. திட்டவும் இல்லை. "பரவாயில்லை சார், வேணும்னேவா செஞ்சீங்க" என்று எழுந்து போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இரண்டு நாள் கழித்து என் வயலின் தட்டை நெசவாளர் மூலமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். முறைப்படி அது இனி அவருக்கே சொந்தம். வேண்டாம் என்றுவிட்டார். அதற்கப்புறம் ஞாயிறுகளில் அவர் வரவில்லை.

"நம்ம கூட்டமே அந்து போச்சுபா" என்றார் நெசவாளர். "அந்த இழையை எடுத்து முடி போடறது உன் வேலை. போடற வரைக்கும் இங்க கிராமபோனு பாடாது."

நான் கடிதம் எழுத ஆரம்பித்தேன். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற பைத்தியங்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒருவர் முகவரி கிடைத்தால் அவர் மூலம் நாலு பேர் முகவரி கிடைக்கும். சென்னை, கும்பகோணம், மதுரை, பெங்களூர் என்று கார்டு போட்டேன். பாடகியின் பெயர், ராகம், இரண்டு பக்கத்துப் பாட்டுகளின் முதல் வரி எல்லாம் எழுதி, இந்தத் தட்டுக்குப் பதிலாக என்னிடம் இருப்பதில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றும் எழுதினேன். இல்லை, இல்லை என்றுதான் பதில் வந்தது. ஒரு பெரிய சேகரிப்பாளர், அப்படி ஒரு பாடகி இருந்ததாகவே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அந்தக் கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ஆறேழு மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நல்ல கூட்டம். நான் பாட்டிலில் மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் ஒரு பெண், ஜுரத்தில் சிணுங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என் கை நின்றுபோயிற்று. ஆனந்தபைரவி. அதே கீர்த்தனை. வார்த்தைகள் அங்கங்கே மாறியிருந்தன, ஆனால் அந்தச் சின்னப் பெண் வளைத்த இடத்திலெல்லாம் இவளும் வளைத்தாள்.

"யம்மா, இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் பயந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் பாடியது தப்போ என்று நினைத்துக்கொண்டாள். "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுங்க. பொண்ணழைப்புப் பாட்டு. மைக்செட்டுக்காரரு கல்யாணத்துக்குக் கல்யாணம் போடுவாரு."

"எந்த ஊரு?"

"ஐயம்பேட்டைங்க."

அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு மருந்து கொடுத்த மாதிரிக் கவனமாக வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்ததில்லை.

அந்த ஞாயிறே நானும் நெசவாளரும் ஐயம்பேட்டைக்குச் சைக்கிளில் போனோம். மைக்செட்டுக்காரர் வீட்டைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை, கூரைமேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கவிழ்ந்து கிடந்தன. விவசாயக் குடும்பம். கொஞ்சம் நிலமும், நல்ல நாளில் மைக்செட்டுமாகப் பிழைப்பு. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிவந்தார். அடியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். லேபிள் தேய்ந்து, ஓர் எழுத்துகூட இல்லை. கோடுகளெல்லாம் வெளுத்திருந்தன. அத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறது.

"பழைய சாமான் கடையில ஒரு பொட்டித் தட்டு மொத்தமா எடுத்தாந்தேன் சார். இது அதுல இருந்துச்சு. மொத மொத என் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டேன். அவ நல்லா இருக்கறா. அதைப் பாத்துட்டு எல்லாரும், அந்தப் பாட்டைப் போடுப்பா, எம்பொண்ணும் நல்லா இருக்கட்டும்னு கேக்க ஆரம்பிச்சாங்க. இப்ப சுத்துப்பட்டுல எந்த ஊர்லயும் இது பாடாம பொண்ணு பந்தலுக்கு வராது" என்றார்.

போட்டுக் காட்டினார். இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் எழுந்தது. நெசவாளர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் என் தட்டு அத்தனையும் தருகிறேன், இதைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அது மட்டும் முடியாது சார். வேணும்னா வியாழக்கிழமை ஒரு கல்யாணம் இருக்குது. அந்த டீச்சரம்மாவைக் கூட்டிக்கினு வாங்க, கேட்டுட்டுப் போவட்டும்."

டீச்சரம்மா வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. என் மனைவிதான் போனாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை சொன்னதில்லை. வியாழக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான். பஸ்ஸில் நெசவாளர் மட்டும் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்தார்.

எங்களுக்கு அழைப்பு கிடையாது. பந்தலுக்கு வெளியே, தென்னைமரத்தில் கட்டியிருந்த குழாய்க்குக் கீழே நின்றோம். எதிர் வீட்டிலிருந்து பெண்ணை அழைத்துவர வேண்டும். மைக்செட்டுக்காரர் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு ஊசியை இறக்கினார். கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு அந்தக் குரல், தெரு முழுக்க, வயல் வரைக்கும் போயிற்று.

மணப்பெண் வாசற்படி இறங்கினாள். சுற்றி முப்பது நாற்பது பெண்கள். வரிசைத் தட்டு தூக்கியவர்கள், இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர்கள், எல்லோரும் இசைத்தட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே நடந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரித் தெரியவில்லை. அவரவர் பாட்டுக்குப் பாடினார்கள். அனுபல்லவியில் ஓரிடத்தில், வார்த்தை முடியாத இடத்தில், எல்லோரும் ஒன்றாகச் சட்டென்று மூச்சு எடுத்துக்கொண்டு மேலே போனார்கள்.

டீச்சரம்மா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க நிறுத்தக் கூடாது. எனக்கு மூச்சு பத்தலை. பயத்துல நிறுத்திட்டேன். பாட்டு வாத்தியார் ஊர் வந்து சேர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தார்" என்றார்.

"இப்ப ஊரே அங்கதான் நிறுத்துது டீச்சரம்மா. நீங்க போட்டதுதான் சங்கதி" என்றார் நெசவாளர்.

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலைப்பு விலகியது. உதடு அசைந்தது. சரணத்தில் அவரும் அந்தப் பெண்களோடு பாடிக்கொண்டிருந்தார். அருகில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. பதினாலு வயசுக் குரல் மேலே குழாயிலும், அதே குரல் முதிர்ந்து என் பக்கத்திலும். நானும் கூச்சமில்லாமல் அழுதேன்.

தாலி கட்டி முடிந்ததும் மைக்செட்டுக்காரர் தட்டை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். முந்தின நாளெல்லாம் யோசித்திருப்பார் போல. "எடுத்துக்கினு போங்கமா. உங்க பொருளு" என்று நீட்டினார்.

டீச்சரம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். "அடுத்த கல்யாணம் எப்போ?"

"வர்ற வெள்ளிக்கிழமைமா."

"அன்னைக்கு என்ன போடுவீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். டீச்சரம்மா துணியோடு தட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். "நீங்களே வெச்சுக்கோங்க. ஸ்பிரிட் மட்டும் போட்டுத் துடைச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஆறேழு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தரையில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது.

அதற்குள் பெண்ணின் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு எங்களிடம் வந்துவிட்டார். முன்பின் தெரியாத நாலு பேர் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறோம், அதிலும் ஒருவர் கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. அவருக்கு என்ன தோன்றியதோ, தயங்கிக்கொண்டே கேட்டார்.

"நீங்க பொண்ணு வீடாமா, மாப்பிள்ளை வீடா?"

டீச்சரம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நான் பாட்டு வீடும்மா" என்றார்.

அந்த அம்மாள் திரும்பிக் குழாயைப் பார்த்தார், டீச்சரம்மாவைப் பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, டீச்சரம்மாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று வைத்திருந்த முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தார்.